மூன்று ஏற்பிகளைத் தூண்டும் ஊசிக்கான ஆய்வில் சேர அழைத்திருக்கிறார்கள்: முழங்கால் தேய்மானமும் உறக்க மூச்சுத்தடையும் உள்ளவள் என்ன கேட்க வேண்டும்?

மாடிப்படி:

வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எனக்கு வயது 53. எடை 118 கிலோ. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். இரவில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லையும் உண்டு. ஆறு ஆண்டுகளாக, காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் கருவியின் முகமூடியை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். மாடி ஏற வேண்டுமானால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வலக்காலை வைப்பேன், இடக்காலை இழுத்துச் சேர்ப்பேன். மொத்தம் பதினாறு படிகள். ஒன்பதாவது படியில் நின்று மூச்சு வாங்குவேன்.

போன வாரம் மூட்டு மருத்துவர் ஒரு மருந்தாய்வைப் பற்றிச் சொன்னார். வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி. இன்னும் எங்கும் அனுமதி பெறாத மருந்து. ஒரே மூலக்கூறு மூன்று ஏற்பிகளை, அதாவது ஹார்மோன்கள் வந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களை, தூண்டுமாம். மூன்றாம் கட்டம். எழுபது வாரங்களுக்கு மேல் நீளும், மூன்றில் ஒருவருக்குப் போலி ஊசி (மருந்து இல்லாதது). ஒப்புதல் படிவம் 31 பக்கம். இரண்டு முறை படித்துவிட்டேன். சொற்கள் புரிகின்றன, எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை.

இதே வகை மருந்து ஒன்றைப் பற்றி மகள் இணையத்தில் ஓர் எண்ணைக் காட்டினாள்: 28.7 சதவீத எடைக் குறைவு. என் உடம்புக்கு அது கிட்டத்தட்ட 34 கிலோ. அன்று இரவு எனக்கு உறக்கமே வரவில்லை. அந்த எண்ணை நம்பிச் சேரலாமா?

எண்கணக்கு:

அம்மா, மருந்தாய்வுத் தரவுகளைப் பகுத்தாய்வதுதான் என் வேலை. உங்கள் மகள் காட்டிய எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அது ரெட்டாட்ரூடைடு என்ற மருந்தின் எண். எலி லில்லி நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்டது. ஆய்வின் பெயர் ட்ரையம்ஃப்-4. உடற்பருமன் அல்லது கூடுதல் எடையோடு முழங்கால் தேய்மானமும் உள்ள, ஆனால் நீரிழிவு இல்லாத 445 பேர், 68 வாரங்கள். 12 மில்லிகிராம் பிரிவில் சராசரி எடைக் குறைவு 28.7 சதவீதம். இதற்கு முன் 2023இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் 338 பேர் இருந்தார்கள். 48 வாரங்களில் 24.2 சதவீதம். ஊசி மருந்துகளில் அதுவரை யாரும் காணாத அளவு அந்த 28.7. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் 28.7 என்பது ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான விடை: எல்லோரும் கடைசி வாரம்வரை விடாமல் ஊசி போட்டிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும்? இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நடுவில் விட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தால், மருந்து ஒதுக்கப்பட்ட அத்தனை பேருக்கும் சராசரியாக எவ்வளவு குறைந்தது? ஒரே ஆய்வில் இரண்டுக்கும் வெவ்வேறு விடை வரும். காக்ரிசெமா என்ற கூட்டு மருந்தின் ஆய்வில் முதல் கேள்விக்கு 22.7, இரண்டாவதற்கு 20.4. ஆர்ஃபோர்கிளிப்ரான் மாத்திரைக்கு 12.4, 11.2. தலைப்புச் செய்தியில் ஏறுவது பெரும்பாலும் பெரிய எண்தான்.

இரண்டுக்கும் இடையே இருக்கும் தொலைவு, பாதியில் எழுந்து போனவர்களால் வருவது. ட்ரையம்ஃப்-4இல் 12 மில்லிகிராம் பிரிவில் 18.2 சதவீதம் பேர் பக்க விளைவுகளால் மருந்தை நிறுத்தினார்கள். போலி மருந்துப் பிரிவில் 4 சதவீதம். ஐந்தரைப் பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் யார், எப்போது நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள்? உங்களுக்கு 28.7ஐவிட இந்தக் கேள்விதான் முக்கியம்.

பழைய_மருந்தாளுநர்:

மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலுமாக 38 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். எடை குறைக்கும் மருந்து என்றாலே எனக்குக் கொஞ்சம் நடுக்கம் வரும். காரணத்தைச் சொல்கிறேன். உங்களைப் பயமுறுத்த அல்ல, சகோதரி. என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டீர்களே, அதற்காக.

1930களில் டைநைட்ரோஃபீனால். உடம்பைச் சூடேற்றி எடையைக் குறைத்தது. கண்ணில் புரை விழுந்தது, சிலர் காய்ச்சலிலேயே இறந்தார்கள். 1960களில் அமினோரெக்ஸ், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறியது. 1990களில் ஃபென்ஃப்ளூரமினும் ஃபென்டர்மினும் சேர்ந்த கூட்டு. அந்தக் கூட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1992இல் வெளியான, 121 பேரை மட்டுமே கொண்ட ஆய்வு. கூட்டாகக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒருநாளும் அனுமதி தந்ததில்லை. தனித்தனியாக அனுமதி பெற்றவற்றை மருத்துவர்கள் சேர்த்து எழுதினார்கள். 1997இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 24 பெண்களின் இதய வால்வுகளில் ஒரே மாதிரியான கோளாறு இருப்பதை எழுதினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமின் சந்தையிலிருந்து போனது.

பிறகு ரிமோனாபான்ட். ஐரோப்பாவில் 2006இல் வந்து, மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் காரணம் காட்டி 2008இல் நிறுத்தப்பட்டது. சிபுட்ராமின் 2010இல் போனது. ஏறத்தாழ 10,000 பேரைக் கொண்ட ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. லோர்காசெரின் 2012இல் அனுமதி பெற்று 2020இல் திரும்பப் பெறப்பட்டது. ஏறத்தாழ 12,000 பேரைக் கொண்டு ஐந்து ஆண்டுகள் நடந்த ஆய்வில், மருந்துப் பிரிவில் புற்றுநோய் 7.7 சதவீதம், போலிப் பிரிவில் 7.1.

கடைசியாகச் சொன்ன இரண்டு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். இடைவெளி 0.6. முந்நூறு பேரை ஓர் ஆண்டு பார்த்தால் இது எப்படிக் கண்ணில் படும்? படவே படாது. சிறிய ஆய்வில் எடைக் குறைவு தெரிந்துவிடும், அரிதான தீங்கு தெரியாது. நான் நடுங்குவது இதற்காகத்தான்.

மழைக்குருவி:

ஐயா சொன்ன வரலாறு முழுக்க உண்மை. ஆனால் அதைப் படித்துவிட்டு மாடிப்படி அம்மா பின்வாங்கினால் எனக்குத் தாங்காது, அதனால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு வாழ்நாள் முழுவதும் கிடைத்த ஒரே சிகிச்சை அறிவுரைதான். "வாயைக் கட்டுங்கள்" என்று எத்தனை மருத்துவர்கள் சொன்னார்கள்! காது வலிக்குப் போனாலும் எடையைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில் இதயம் நின்றபோதுகூட அது அவருடைய தவறு என்பதுபோலப் பேசினார்கள். உடல் தன் எடையைத் தானே காத்துக்கொள்கிறது. குறைத்தால் பசியைக் கூட்டும், செலவழிக்கும் ஆற்றலைக் குறைக்கும். இது ஒழுக்கக் குறைவல்ல, நோய்.

பழைய மருந்துகளும் இவையும் ஒன்றல்ல. ஃபென்ஃப்ளூரமின் செரடோனின் என்ற உடல் வேதிப்பொருளின் வழியே வேலை செய்தது, வால்வுகளைக் கெடுத்ததும் அதே வழியில்தான். இந்த ஊசிகள் குடலும் கணையமும் ஏற்கெனவே சுரக்கும் ஹார்மோன்களை ஒத்தவை. அந்த வரிசையில் எக்ஸெனடைடு 2005லேயே நீரிழிவுக்கு வந்துவிட்டது. அதே வரிசையில் பின்னால் வந்த செமாக்ளூடைடு ஊசியை செலக்ட் என்ற ஆய்வில் 17,604 பேருக்குச் சோதித்தார்கள்: எடை கூடிய, இதய நோய் உள்ள, நீரிழிவு இல்லாத மனிதர்கள். சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குமேல் தொடர்ந்து பார்த்ததில் இதய இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. என் அம்மாவின் காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

பழைய_மருந்தாளுநர்:

உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்தேன், மகளே. வருந்துகிறேன். செலக்ட் ஆய்வை நானும் மதிக்கிறேன்.

ஆனால் அது செமாக்ளூடைடுக்கு, ஓர் ஏற்பியைத் தூண்டும் மருந்துக்கு. டிர்செபடைடு என்ற ஊசி இரண்டைத் தூண்டும். இவர் சேரப்போவதில் மூன்றாவதாக, கணையம் சுரக்கும் குளுக்ககான் என்ற ஹார்மோனின் ஏற்பியும் இருக்கிறது. அது கல்லீரல் கொழுப்பை எரிக்க உதவும், உடல் செலவழிக்கும் ஆற்றலைக் கூட்டும். இதயத் துடிப்பையும் தூண்டக்கூடிய ஹார்மோன் அது. ரெட்டாட்ரூடைடின் இரண்டாம் கட்டத்தில் மருந்தளவு கூடக்கூடத் துடிப்பும் கூடி, 24ஆம் வாரத்தில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியது. அண்ணன் நல்லவர் என்பதால் தம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அவரையும் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குத்தானே இந்த ஆய்வு.

மழைக்குருவி:

இதை ஏற்கிறேன் ஐயா.

நீல_உறை:

நான் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். இந்த மருந்தில் வேலை பார்க்கவில்லை, இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு ஆய்வுகளில் பார்த்திருக்கிறேன். நடைமுறையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன் அக்கா.

முதலில் தகுதிச் சோதனை. கணைய அழற்சி வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உண்டா என்றும் கேட்பார்கள்; எலிகளில் தைராய்டுக் கட்டிகள் தென்பட்டதால் இந்தக் குடும்ப மருந்துகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கேள்வி உண்டு. கடந்த மூன்று மாதங்களில் எடை பெரிதாக ஏறி இறங்கியிருந்தால் சேர்க்க மாட்டார்கள். எதையும் மறைக்காதீர்கள். ஆய்வில் இடம் கிடைக்க வேண்டும் என்று பழைய பித்தப்பைக் கல்லைச் சொல்லாமல் விட்ட ஒருவர், நான்காவது மாதம் நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். எடை வேகமாகக் குறைந்தாலே கல் சேரும்.

ஊசி குறைந்த அளவில் தொடங்கும், சில வாரங்களுக்கு ஒருமுறை ஏறும். ஏறும் வாரங்கள்தான் கடினமானவை: குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு. ரெட்டாட்ரூடைடின் இரண்டாம் கட்டத்தில் 4 மில்லிகிராமில் தொடங்கியவர்களைவிட 2இல் தொடங்கியவர்களுக்குத் தொல்லை குறைவு. எனவே உங்களுக்கு எந்த அளவில் தொடங்குவார்கள், தாங்காவிட்டால் இறக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். சில ஆய்வுகளில் இறக்கலாம். சிலவற்றில் ஒரு முறைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரட்டை மறைப்பு என்று படிவத்தில் இருக்கும். உங்களுக்கு எது ஒதுக்கப்பட்டது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தாளில் அப்படித்தான். ஆனால் பன்னிரண்டாவது வாரத்தில் இடுப்புப் பட்டையில் புதுத் துளை போட்டுக்கொண்டு வருபவருக்குத் தெரியாதா என்ன? எடை மேடையில் ஏறும்போதெல்லாம் கண்களை இறுக மூடிக்கொள்ளும் ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். எண்ணைச் சொல்லக் கூடாது என்பார். ஐந்தாவது வருகையில் மூடவில்லை, எண்ணைப் பார்த்தார். மறுபடி இறங்கி ஏறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் போலி ஊசி என்று அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம்படுக்கை:

நீல_உறை எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் ஓர் ஆய்வில் இருந்தவன். மருந்தின் பெயரையும் இடத்தையும் சொல்ல மாட்டேன். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எனக்கு உண்மையான ஊசி கிடைத்தது என்று பின்னால் தெரிந்தது. முதல் ஐந்து மாதங்களில் 19 கிலோ போனது. காலணிக் கயிற்றை நானே குனிந்து கட்டிய நாளில் அழுதுவிட்டேன். அதை ஏன் சொல்கிறேன் என்றால், மருந்தின் மேல் எனக்குப் பகை இல்லை.

ஆறாவது மாதம் அளவு ஏறியபின் தோலில் ஏதோ ஆரம்பித்தது. முதலில் தொடையில். வெயிலில் வெந்த தோலின்மேல் துணி படுவதுபோல. தடிப்பில்லை, சிவப்பில்லை, தொட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் போர்வையின் ஓரம் உரசினால் விருட்டென்று காலை இழுத்துக்கொள்வேன். பிறகு முதுகு. சட்டை போடாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரவைக் கழித்திருக்கிறேன். ஆய்வு மையத்தில் சொன்னபோது செவிலியர் குறித்துக்கொண்டார். மருத்துவர் தோலைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றும் தெரியவில்லையே" என்றார். நான் கற்பனை செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, எனக்கு அப்படித்தான் பட்டது.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஊசியை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் சொன்னேன். "சரி, மீதி ஊசிப் பேனாக்களைத் திருப்பித் தந்துவிடுங்கள்" என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். அதோடு சரி. ஒருவரும் கூப்பிடவில்லை. தோல் எரிச்சல் எப்போது நின்றது என்று கேட்க ஆளில்லை. (ஏழு வாரங்களில் நின்றது. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.) பத்து மாதங்களில் 13 கிலோ திரும்ப வந்ததையும் எவரும் எடை பார்த்துக் குறிக்கவில்லை.

அவர்களுடைய அறிக்கையில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

எண்கணக்கு:

> அவர்களுடைய அறிக்கையில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

இந்த வரியை மூன்று முறை படித்தேன். நான் தினமும் உட்கார்ந்து பார்ப்பது உங்களைத்தான், ஐயா. என் திரையில் நீங்கள் ஒரு வெற்றுக் கட்டம். 28ஆம் வாரம்வரை எண்கள், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அந்த வெற்றுக் கட்டத்தை நாங்கள் கணக்கால் நிரப்புகிறோம். நிறுத்தியபின்னும் வந்து எடை காட்டிய வேறு சிலரைக் கொண்டு உங்களுடைய எடை என்னவாகியிருக்கும் என்று மதிப்பிடுவோம். அப்படி வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தால் மதிப்பீடு உண்மைக்கு அருகில் இருக்கும். ஐந்தாறு பேர்தான் என்றால்? அந்த ஐந்தாறு பேர்தான் உங்கள் எல்லோருக்காகவும் பேசுகிறார்கள். அவர்கள் எப்படிப்பட்டவர்கள்? நிறுத்தியபின்னும் ஆய்வு மையத்துக்கு வரும் அளவுக்கு உடம்பும் மனமும் நன்றாக இருந்தவர்கள். அதனால் கணக்கு நல்ல பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

மருந்தை நிறுத்துவது வேறு, ஆய்விலிருந்து விலகுவது வேறு. மருந்தை நிறுத்திவிட்டும் ஆய்வில் இருக்கலாம். ஒவ்வொரு வருகைக்கும் வரலாம், எடை காட்டலாம், வலி மதிப்பெண் கொடுக்கலாம். நல்ல ஆய்வுத் திட்டத்தில் இது எழுதப்பட்டிருக்கும். உங்களிடம் இதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் என்னைச் சுடுகிறது.

தோலைப் பற்றி: நீங்கள் கற்பனை செய்யவில்லை. ட்ரையம்ஃப்-4இல் தோல் உணர்வு மாறுவது 12 மில்லிகிராம் பிரிவில் 20.9 சதவீதம் பேருக்கு வந்தது. போலிப் பிரிவில் 0.7 சதவீதம். பெரும்பாலும் லேசானது, அதனால் நிறுத்தியவர்கள் அரிது என்று நிறுவனம் சொன்னது. லேசானது என்று குறித்தவர்கள் போர்வை ஓரத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்களா என்று இப்போது யோசிக்கிறேன்.

மூன்றாம்படுக்கை:

ஐந்தில் ஒருவருக்கா. நன்றி தம்பி. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

நீல_உறை:

ஐயா, என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் உங்களிடம் செய்யாமல் விட்டதை எங்களில் எல்லோரும் ஒருமுறையாவது செய்யாமல் விட்டிருக்கிறோம். புதிதாக ஆள் சேர்ப்பதற்கு இலக்கு இருக்கும், கேள்வி வரும். போனவரைக் கூப்பிட நேரம் ஒதுக்குவதில்லை. இன்று என் பட்டியலில் நிறுத்தியவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். நாளை காலை கூப்பிடுகிறேன்.

கல்லீரல்_நலம்:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்குக் கல்லீரல் கொழுப்பு. ரெட்டாட்ரூடைடின் இரண்டாம் கட்டத்தோடு சேர்த்து 98 பேருக்குக் கல்லீரல் கொழுப்பை மட்டும் தனியாக அளந்தார்கள். 24 வாரங்களில் உயர்ந்த அளவில் 82 சதவீதம் குறைந்தது என்று படித்தேன். மாடிப்படி அம்மா, உங்கள் கல்லீரலையும் பார்ப்பார்களா?

இன்னொரு பக்கம், டானுக்ளிப்ரான் என்ற மாத்திரையை 2025 ஏப்ரலில் ஃபைசர் கைவிட்டது. ஆய்வில் ஒரே ஒருவருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டிருக்கலாம் என்று தெரிந்தது, நிறுத்தியதும் சரியாகிவிட்டது. அது வேறு வகை வேதிப்பொருள், ஊசிக்கு அது பொருந்தாது. ஆனால் அந்த ஒருவர் இரத்தம் கொடுக்க வராமல் போயிருந்தால் அது தெரிந்தே இருக்காது. மூன்றாம்படுக்கை ஐயா எழுதியதைப் படித்ததும் இது நினைவுக்கு வந்தது.

மாடிப்படி:

எல்லோருக்கும் நன்றி. மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படித்தேன்.

மூன்று சந்தேகங்கள். ஒன்று, எழுபது வாரங்கள் போலி ஊசி போட்டுக்கொண்டு இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏற்கெனவே அனுமதி பெற்ற ஊசிகள் இருக்கும்போது ஏன் போலி? இரண்டு, மூச்சுத்தடைக்கு இதனால் பயன் உண்டா? மூன்று, ஆய்வு முடிந்ததும் ஊசியை நிறுத்திவிடுவார்கள். அதன்பின் நான் என்ன ஆவேன்?

மழைக்குருவி:

முதல் கேள்வியில் நான் உங்கள் பக்கம் அம்மா. போலி ஊசி இனிமேல் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. செமாக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் சந்தையில் இருக்கின்றன. புதிய மருந்தை அவற்றோடு மோதவிட்டுப் பார்க்கட்டும். 751 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில் அந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, 72 வாரங்களில் டிர்செபடைடுக்கு 20.2, செமாக்ளூடைடுக்கு 13.7 சதவீதம் என்று 2025இல் வெளியிட்டார்களே. அது முடியுமென்றால் இதுவும் முடியும்.

எண்கணக்கு:

பாதி ஒத்துப்போகிறேன். எடைக்கு நீங்கள் சொல்வது சரி. வலிக்கு அப்படியல்ல.

ஸ்டெப்-9 என்ற ஆய்வு. முழங்கால் தேய்மானமும் உடற்பருமனும் உள்ள 407 பேர், மருந்து செமாக்ளூடைடு, 2024இல் வெளியானது. நூறு புள்ளி வலி அளவுகோலில் தொடக்கத்தில் சராசரி 70.9. 68 வாரங்களுக்குப்பின் மருந்துப் பிரிவில் 41.7 புள்ளி குறைந்தது. போலிப் பிரிவில் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 27.5 புள்ளி! மருந்தே இல்லாமல். எல்லோருக்கும் உடற்பயிற்சியும் உணவு ஆலோசனையும் கொடுத்தார்கள், யாரோ ஒருவர் அக்கறையாகக் கேட்டார், வலி தானாக ஏறி இறங்கும் இயல்புடையது. போலிப் பிரிவு இல்லாவிட்டால் 41.7 முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்போம். உண்மையில் மருந்தால் வந்தது 14 புள்ளிதான். அந்த 14 சிறிதல்ல, ஆனால் 41.7 அல்ல.

பழைய_மருந்தாளுநர்:

தீங்கைக் காண்பதற்கும் போலிப் பிரிவு வேண்டும். 7.7, 7.1 என்ற எண்களில் இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

மழைக்குருவி:

தீங்கைக் காண ஓர் ஒப்பீட்டுப் பிரிவு வேண்டும். அது வெறும் போலிதானா என்பதே என் கேள்வி, அதை விட மாட்டேன். எழுபது வாரங்கள் 118 கிலோவோடு படி ஏறுபவர் அவர், நாம் அல்ல. குறைந்தது, ஆய்வு முடிந்ததும் போலிப் பிரிவினருக்கு உண்மை மருந்தைக் கொடுக்கும் தொடர்ச்சி இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள் அம்மா.

நீல_உறை:

இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது, அதுவும் நல்ல பதில். டிர்செபடைடை மிதமான அல்லது கடுமையான உறக்க மூச்சுத்தடை உள்ள 469 பேருக்கு 52 வாரங்கள் கொடுத்தார்கள். கருவி பயன்படுத்தாத பிரிவில் மணிக்கு 25 தடைகள் குறைந்தன, போலியில் 5. கருவி பயன்படுத்தியவர்களில் 29, போலியில் 5 முதல் 6. அந்த ஆய்வை வைத்து 2024 டிசம்பரில் அமெரிக்காவில் மூச்சுத்தடைக்கே அனுமதி கிடைத்தது. உங்கள் ஆய்வில் உறக்கச் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று: எடை குறைகிறதே என்று முகமூடியை நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள் அக்கா. மறுபடி உறக்கச் சோதனை செய்து மருத்துவர் சொன்ன பிறகுதான்.

எண்கணக்கு:

மூன்றாவது கேள்வி. இதில் ஆறுதலாகச் சொல்ல அதிகம் இல்லை அம்மா.

செமாக்ளூடைடின் ஸ்டெப்-1 ஆய்வு முடிந்து ஊசியை நிறுத்தியவர்களை ஓர் ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டிர்செபடைடில் 36 வாரங்கள் எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிட்டு, பிறகு பாதிப் பேரைப் போலிக்கு மாற்றினார்கள். அடுத்த 52 வாரங்களில் தொடர்ந்தவர்களுக்கு மேலும் 5.5 சதவீதம் குறைந்தது. மாற்றப்பட்டவர்களுக்கு 14 சதவீதம் ஏறியது. மூன்றாம்படுக்கை ஐயா சொன்ன 13 கிலோ இதோடு ஒத்துப்போகிறது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போலத்தான் இது, அவருடைய குற்றமல்ல.

மூன்றாம்படுக்கை:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த எடை, போன எடை அல்ல. எனக்குத் தொடையில் சதை போய்விட்டது. திரும்ப வந்தது வயிற்றில். படி ஏறுவதற்குத் தேவையான சதை அது, சகோதரி. முதல் வாரத்திலிருந்தே காலுக்கு வலுப்பயிற்சி செய்யுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, அவ்வளவுதான். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீல_உறை:

சரியான பேச்சு. இழக்கும் எடையில் கொழுப்பு மட்டும் போவதில்லை. ஆய்வைப் பொறுத்து நான்கில் ஒரு பங்கிலிருந்து பத்தில் நான்கு பங்கு வரை தசையும் நீரும் சேர்ந்த மெலிந்த பகுதி. கொழுப்பையும் தசையையும் தனித்தனியே அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பார்களா என்று கேளுங்கள்.

மாடிப்படி:

பதினொரு நாள் கழித்து வருகிறேன்.

நேற்று ஆய்வு மையத்துக்குப் போனேன். உங்கள் பதில்களிலிருந்து ஒன்பது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஆய்வு மருத்துவர் இளம்பெண். முதல் மூன்று கேள்விகளை நின்றபடியே கேட்டவர் நான்காவதில் உட்கார்ந்துவிட்டார்.

2 மில்லிகிராமில் தொடங்குவார்களாம். தாங்காவிட்டால் ஒருமுறை அளவை இறக்கலாம். ஒவ்வொரு வருகையிலும் ஈசிஜி உண்டு. டெக்ஸா எல்லோருக்கும் இல்லை. கேட்டுக்கொண்டதால் என் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க முயல்வதாகச் சொன்னார். கல்லீரலுக்கு இரத்தச் சோதனை மட்டும். உறக்கச் சோதனை தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கிறது. முகமூடியைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

முடிந்தபின் மருந்து தொடருமா என்று கேட்டேன். தொடர்ச்சி ஆய்வு ஒன்று திட்டத்தில் இருக்கிறது, அதில் போலிப் பிரிவினரும் சேரலாம், ஆனால் அது இன்னும் அனுமதி பெறவில்லை என்றார். "உறுதி தர முடியாது" என்று நேராகச் சொன்னார். மழுப்பாமல் சொன்னதால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று என் மருத்துவரோடு பேசி வைத்துக்கொள்ளப் போகிறேன்.

கடைசியாக, ஊசியை நிறுத்தினாலும் வருகைக்கு வரலாமா என்று கேட்டேன். படிவத்தைப் புரட்டி 22ஆம் பக்கத்தைக் காட்டினார். இருக்கிறது! நான் இரண்டு முறை படித்தும் கண்ணில் படாத பத்தி. "மருந்தை நிறுத்திய பங்கேற்பாளர் விரும்பினால் திட்டமிட்ட வருகைகளைத் தொடரலாம்." "விரும்பினால்" என்று ஏன் இருக்கிறது, நீங்களே கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் கோப்பின் முதல் பக்கத்தில் தன் கையால் எழுதினார்: நிறுத்தினாலும் தொலைபேசியில் அழைக்கவும். பக்கத்தில் என் மகளின் எண்ணையும் எழுதிக்கொண்டார்.

தகுதிச் சோதனைக்கு வரும் வியாழன் போகிறேன். மூன்றாம்படுக்கை ஐயா, அந்தக் கேள்வி உங்களுடையது.

மூன்றாம்படுக்கை:

வியாழக்கிழமைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள் சகோதரி. பதினாறு படிகளையும் ஒருமுறை ஏறி, எத்தனை நொடி ஆகிறது, எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். அவர்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது. தோலில் ஏதாவது தெரிந்தால் அன்றே எழுதுங்கள், எங்கே, எது பட்டால், எவ்வளவு நேரம் என்று. மருத்துவர் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் தாளைக் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மாடிப்படி:

இப்போதுதான் ஏறினேன் ஐயா. 74 நொடி. ஒன்பதாவது படியில் நின்றேன். மகள் தேதி போட்டு எழுதிவிட்டாள்.